பயந்த உடம்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் மனநலம் பற்றிப் பேசப் போகிற இடங்களில், கூட்டம் கலைந்த பிறகு ஓரமாக வந்து நின்று மெதுவான குரலில் கேட்கப்படுகிற கேள்விகள் இவை. கேட்டவர் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். சில பதில்கள் நீளம், ஏனென்றால் அந்த விஷயங்களில் நம் வீடுகளில் சொல்லப்படுவது ஆளை இன்னும் நோகடிக்கிறது.

ஆபத்து என்று தெரிகிற அந்த நொடியில் உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

சிறாவயல் மஞ்சுவிரட்டு பார்க்கப் போயிருப்பீர்கள். பொட்டலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும்போது கட்டுமாடு ஒன்று சட்டென்று உங்கள் பக்கம் திரும்பினால், 'மாடு வருது' என்று மனசில் வார்த்தை ஓடுவதற்கு முன்பே கால் நகர்ந்துவிடும். நகர்த்தியது நீங்கள் யோசித்து எடுத்த முடிவு இல்லை. மூளைக்குள் ஆழத்தில் அமிக்டலா என்று பாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது, கண்ணும் காதும் கொண்டுவருவதில் ஆபத்தின் சாயல் இருக்கிறதா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டுக் காவல் நாய் மாதிரி, வந்தது யார் என்று விசாரித்துவிட்டு அது குரைப்பதில்லை.

அமிக்டலா சத்தம் போட்டதும், மூளையின் அடிப்பக்கம் இருக்கிற ஹைப்போதலாமஸ் என்ற பகுதி வழியாக, உடம்பை அவசரத்துக்குத் தயார் செய்கிற பரிவு நரம்பு மண்டலம் முடுக்கிவிடப்படுகிறது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி சில நொடிகளிலேயே அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகிறது. இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலே மேலே வாங்கும், ரத்தம் தோலையும் குடலையும் விட்டுத் தொடைக்கும் தோளுக்கும் ஓடும், கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை வெளியே விடும், கண்மணி விரியும். வாய் உலர்ந்து போவதும், வயிற்றைக் கலக்குவதும், உள்ளங்கை வியர்ப்பதும் எல்லாம் இதே கணக்குதான். ஓடுவதற்கும் சண்டை போடுவதற்கும் செரிமானம் தேவையில்லை, அதனால் அதைத் தள்ளிப் போடுகிறது உடம்பு. வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-லேயே இதை எழுதிவிட்டார்.

அதற்குப் பின்னால் மெதுவாக இன்னொரு அலை வருகிறது. ஹைப்போதலாமஸ் தன் கீழே இருக்கிற பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரினலுக்குச் சொல்ல, கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரந்து, ஆபத்து தொடங்கி இருபது முப்பது நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும். மாடு போன பிறகும் அரைமணி நேரம் கை கால் உதறுகிறதே, டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லையே என்றால், அதற்கு ரத்தத்தில் இன்னும் மிச்சமிருக்கும் இந்தச் சரக்குதான் காரணம். ஆபத்து உண்மையிலேயே தீர்ந்துவிட்டது என்றால், உடம்பை ஆற வைக்கிற எதிர்ப்பரிவு நரம்புகள் பொறுப்பேற்று இதயத்தை இறக்கி, பசியைத் திரும்பக் கொண்டுவரும். ஆரோக்கியமான உடம்பு நாள்பூரா இப்படி ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

எங்கள் அப்பத்தா தனியாக இருந்தபோது ஒருவன் வீட்டுக்குள் புகுந்து கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டான். அப்பத்தா கத்தவே இல்லை. பக்கத்து வீட்டில் ஆள் இருந்தார்கள். ஏன் கத்தவில்லை?

இந்தக் கேள்வியை அப்பத்தாவிடம் இதுவரை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு மனசு கொதிக்கிறது. தயவுசெய்து இனி யாரும் கேட்க வேண்டாம்.

ஓட்டம், சண்டை இரண்டு மட்டும்தான் உடம்புக்குத் தெரியும் என்று பலரும் நினைக்கிறார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு, உறைந்து போவது. ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது என்று மூளை கணக்குப் போட்டுவிட்டால், நடுமூளைப் பகுதி உடம்பை அப்படியே நிறுத்திவிடும். தசை விறைத்துப் போகும் அல்லது துவண்டு போகும், குரல் வராது, வலிகூட அந்த நேரத்தில் மரத்துப் போகலாம். பலசாலியான எதிரியிடம் மாட்டிக்கொண்டால் அசையாமல் இருப்பது சில நேரம் உயிரைக் காக்கும் என்று கோடிக்கணக்கான ஆண்டுகளாக விலங்குகளின் உடம்பு கற்றுக்கொண்ட பாடம் இது. முற்றத்தில் பூனை வாயில் மாட்டிய அணில் செத்தது மாதிரி கிடந்து, பூனை வாயை எடுத்த கணத்தில் ஓடிப்போவதைப் பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை.

கத்த வேண்டாம் என்று அப்பத்தா யோசித்து முடிவெடுத்தார் என்று நினைக்காதீர்கள். முடிவெடுக்கிற இடம், நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளை, அந்த நேரத்தில் கிட்டத்தட்ட ஓரங்கட்டப்பட்டிருக்கும். பேச்சை உருவாக்குகிற பகுதிகளும் மங்கிப் போகும்.

இதையே பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடமும் கேட்கிறார்கள். கத்தினாயா, கையைக் காலை உதைத்தாயா, உடம்பில் கீறல் எங்கே? ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் நகரத்து அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் விசாரித்து 2017-ல் ஒரு ஆய்வு வெளியானது. அவர்களில் பத்துக்கு ஏழு பேர் அந்த நேரத்தில் குறிப்பிடத்தக்க அளவு உறைந்து போயிருந்தார்கள். அப்படி உறைந்து போனவர்களுக்கே பின்னால் மனநோவும் அதிகமாக இருந்தது. எதிர்க்கவில்லை என்பதைச் சம்மதமாகப் படிக்கிற ஊர்ப் பஞ்சாயத்தும், காவல் நிலையமும், சொந்த வீடும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் எதிர்க்காமல் இருந்தது உடம்பு அவளுக்காகப் போட்ட பூட்டு, அவள் கையில் அதன் சாவி இல்லை.

அப்பத்தாவிடம் சொல்ல வேண்டியது: "நீங்க உயிரோட இருக்கீங்க, அது போதும். அன்னைக்கு நீங்க செஞ்சதுதான் சரி." ஒரு தடவை சொன்னால் போதாது. அவரே தன்னைக் கேட்டுக்கொள்வதை நிறுத்துகிற வரை சொல்லுங்கள்.

பைக் விபத்து. அடிபட்ட அன்று நான்தான் எல்லோருக்கும் தைரியம் சொன்னேன். மூன்றாம் நாள் உட்கார்ந்து அழுதேன், தூக்கமே இல்லை. பைத்தியம் பிடிக்கிறதா?

இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி, எஃப்ஐஆர், வண்டி, வீட்டுக்குச் சொல்வது என்று செய்ய வேண்டிய வேலை இருந்தது, உடம்பும் ஓட்டத்திலேயே இருந்தது. வேலை ஓய்ந்த பிறகு வருவது வழக்கம்தான். முதல் சில வாரங்களில் கெட்ட கனவு, திடுக்கிடல், எரிச்சல், கண் மூடினால் அந்தக் காட்சி வருவது, இதெல்லாம் பெரும்பாலானவர்களுக்கு வந்து தானாகவே குறையும். நேரத்துக்குச் சாப்பாடு, கூட ஒரு ஆள், வழக்கமான வேலைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவது, அவ்வளவு போதும். தலையில் அடிபட்டிருந்து வாந்தி, குழப்பம், விடாத தலைவலி இருந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் போங்கள், அது வேறு விஷயம்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. இன்னும் லாரி ஹாரன் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது. நடந்து முடிந்தது என்று எனக்குத் தெரியுமே?

உங்களுக்குத் தெரியும், அமிக்டலாவுக்குத் தெரியாது.

சாதாரண ஞாபகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா கல்யாணம் என்றால் எந்த வருஷம், எந்த ஊர், முதலில் என்ன, அப்புறம் என்ன என்று முன்பின் வரிசையோடு சேர்ந்து இருக்கும். அந்த வரிசையைப் போடுவதில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குப் பெரிய பங்கு. பெரும் பயத்தில் அது சரியாக வேலை செய்வதில்லை. அதனால் ஞாபகம் துண்டு துண்டாக, தேதி முத்திரை இல்லாமல் பதிகிறது: ஹாரன் சத்தம், டீசல் வாடை, கண்ணாடி நொறுங்கிய ஓசை, அந்த நேரத்து வெயில். பின்னால் அதில் ஒரு துண்டு எங்கேயாவது எதிர்ப்பட்டால் உடம்பு அதைப் பழைய ஞாபகமாக எடுத்துக்கொள்ளாமல் இப்போதே நடப்பதாக எடுத்துக்கொள்ளும். திருச்சி ரோட்டில் நின்றாலும் சரி, வீட்டு வளவில் படுத்திருந்தாலும் சரி. தீ விபத்தில் தப்பியவருக்குக் கல்யாண வீட்டில் வெடிக்கிற சரவெடி தாங்காமல் போவதும் இதனால்தான்.

ஒரு மாதத்துக்கு மேல் இப்படித் தொடர்ந்து, சம்பவம் திரும்பத் திரும்ப வந்து, அதை ஞாபகப்படுத்துகிற எல்லாவற்றையும் நீங்கள் ஒதுக்கி, எந்நேரமும் விறைப்பாக இருந்து, அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டால் டாக்டர்கள் அதைப் பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய், என்று எழுதுவார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் கஷ்டத்தை வெளியே பேசத் தொடங்கிய பிறகு, 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் அந்தப் பெயர் ஏறியது. போருக்குப் போனவர்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்க வேண்டாம். விபத்து, கொள்ளை, கடினமான பிரசவம், கண் முன்னால் நடந்த தற்கொலை, சின்ன வயதில் சொந்தக்காரர் செய்த அத்துமீறல், எதிலிருந்தும் வரலாம்.

எனக்கு அப்படிப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கடை, கடன், வட்டி, பிள்ளை படிப்பு, இவ்வளவுதான். ஆனால் உடம்பு எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கிறது.

'இவ்வளவுதான்' என்று சொல்லாதீர்கள். மாடு வந்தால் பத்து நிமிடத்தில் போய்விடும், வட்டிக்காரர் ஒவ்வொரு மாதமும் வருவார். ஹான்ஸ் செலியே என்பவர் 1936-ல் எலிகளை வைத்துக் காட்டியது இதைத்தான்: குளிரோ காயமோ விஷமோ, தொல்லை எதுவானாலும் விடாமல் நீடித்தால் உடம்பு ஒரே மாதிரி தேய்கிறது. கார்ட்டிசால் நாள்கணக்கில் இறங்காமல் இருந்தால் தூக்கம் கெடும், ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் ஏறும், வயிற்றுக்குள் எரிச்சல், அடிக்கடி சளிக் காய்ச்சல், ஒன்றுமில்லாததுக்குப் பிள்ளை மேல் கோபம்.

இதற்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டால் அது பாதி நியாயம்தான். கடன் இருக்கிறது என்று வீட்டில் உண்மையைச் சொல்வதும், வங்கியில் போய்த் தவணையை மாற்றிக் கேட்பதும்கூட நரம்புக்குச் செய்கிற வைத்தியம்தான். நம் ஊரில் கௌரவத்துக்காகக் கடனை மறைத்து வைக்கிற பழக்கம் ஆளைத் தின்கிறது.

இசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். 'ஒன்றுமில்லை, பயம்தான்' என்கிறார் டாக்டர். ஆனால் எனக்கு உண்மையிலேயே படபடக்கிறதே?

உண்மையிலேயேதான் படபடக்கிறது. அட்ரினலினுக்கு இதயம் துடிப்பது கற்பனை இல்லை. முதலில் இதயம், தைராய்டு, ரத்தசோகை மூன்றையும் பார்த்துவிட வேண்டும், அதைப் பார்த்துவிட்டார்கள் என்றால் அடுத்து நரம்பு மண்டலத்தின் பக்கம் திரும்புங்கள். 'ஒன்றுமில்லை' என்று ரிப்போர்ட்டில் வந்தால் அந்தக் கதவு மூடிவிட்டது என்று நிம்மதிப்பட்டு அடுத்த கதவைத் தட்ட வேண்டும், ஐந்தாவது ஸ்கேனுக்கு மதுரைக்குக் கார் பிடிக்க வேண்டாம்.

மூச்சுப்பயிற்சி வேலை செய்யுமா, சும்மா சொல்வதா?

செய்யும், காரணமும் தெரியும். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் ஏறும், வெளியே விடும்போது இறங்கும். விடும்போது இறக்குவது வேகஸ் நரம்பு, மூளையின் அடித்தண்டிலிருந்து புறப்பட்டுக் கழுத்து வழியாக இதயம், நுரையீரல், குடல் வரைக்கும் போகிற எதிர்ப்பரிவு நரம்பு. ஆகவே விடுகிற மூச்சை நீட்டினால் இதயத்தை இறக்குகிற பக்கம் கை ஓங்குகிறது. நான்கு எண்ணுகிற நேரம் இழுத்து, ஆறு எண்ணுகிற நேரம் விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் போதும். பதற்றம் வந்த பிறகு முதல்முறையாகச் செய்து பார்த்தால் வராது, நன்றாக இருக்கிற நாளில் பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கழுத்தை நெரித்த அனுபவமோ, தண்ணீரில் மூழ்கிய அனுபவமோ உள்ளவர்களுக்குக் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பதே பயத்தைக் கிளப்பலாம். அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்துக்கொள்ளட்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்காலை வைத்து அதன் குளிர்ச்சியைப் பாருங்கள், கல்லில் இருக்கிற பூவை எண்ணுங்கள், தூணில் கையை வையுங்கள், இன்று என்ன கிழமை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நடந்தது அங்கே, நான் இருப்பது இங்கே என்று உடம்புக்குத் தெரிவிப்பதுதான் நோக்கம்.

நடையும் நல்லது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து போய் வந்தவர்கள் மனசு லேசானது என்று சொல்வதை நான் நம்புகிறேன். தினமும் உடம்பு அசைவதும், கூட்டத்தோடு ஒரே சீராக நடப்பதும், வழியில் யாரோ கூப்பிட்டுச் சோறு போடுவதும் நரம்புக்குப் பிடித்த விஷயங்கள்.

மந்திரித்து, திருநீறு போட்டு, வேப்பிலை அடிக்கலாமா?

நம்பிக்கையான பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமான குரலில் ஏதோ சொல்லி, நெற்றியில் கை வைத்தால் பயந்த உடம்பு ஆறும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கொப்புடையம்மன் கோயிலில் போய் உட்கார்ந்து வருவதும் அப்படித்தான். ஆனால் அடிப்பது, பட்டினி போடுவது, மிளகாய்ப் புகை காட்டுவது, கட்டி வைப்பது என்று வந்தால் அது இன்னொரு காயம். பக்கத்து மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் ஓட முடியாமல் செத்தார்கள், மொத்தம் 28 பேர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. கோயிலுக்கும் போங்கள், டாக்டரிடமும் போங்கள்.

எங்கள் ஐயா பர்மாவிலிருந்து நடந்து வந்தவர். அவர் பட்டது எங்களுக்கும் வருமா?

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் ரங்கூனில் குண்டு போட்ட பிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு வழியாக நடந்தார்கள், வழியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1960-களில் கடை, நிலம் எல்லாம் அரசுடைமையான பிறகு வந்தவர்கள் இன்னொரு அலை. காரைக்குடியில் பர்மா காலனி என்று ஒரு பேட்டையே இருக்கிறது. இத்தனை பெரிய விஷயத்தை நம் வீடுகளில் எவ்வளவு குறைவாகப் பேசியிருக்கிறோம் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

பயம் மரபணு வழியாக அப்படியே இறங்குகிறது என்று சிலர் உறுதியாக எழுதுகிறார்கள், மனிதர்களிடம் அதற்கான சான்று இன்னும் அந்த அளவுக்கு வலுவாக இல்லை. வளர்ப்பு வழியாக வருவது மட்டும் கண்கூடு. ராத்திரி நாலு தடவை கதவுத் தாழ்ப்பாளைப் பார்க்கிற ஐயா, அரிசி குறைந்தால் கை நடுங்குகிற அப்பத்தா, சத்தம் போட்டுச் சிரித்தால் அடக்குகிற வீடு, இவற்றுக்கு நடுவில் வளர்கிற பிள்ளை உலகம் ஆபத்தானது என்று கற்றுக்கொள்ளும். கதையைச் சொல்லிவிட்டால் பிள்ளைக்கு அந்தப் பயத்தின் காரணமாவது தெரியும். ஐயா இருக்கிறாரென்றால், அவருக்கு விருப்பம் இருந்தால், கேளுங்கள்.

நடந்ததை முழுவதும் சொல்ல வைத்தால் பாரம் இறங்கும்தானே?

கட்டாயப்படுத்தினால் இறங்காது. சம்பவம் நடந்த உடனே எல்லோரையும் உட்கார வைத்து ஒன்றுவிடாமல் சொல்ல வைக்கிற முறையை ஒரு காலத்தில் செய்தார்கள், அது பலன் தரவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் போனது என்று தெரிந்து உலக சுகாதார நிறுவனம் இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. துக்கம் விசாரிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் பாதிக்கப்பட்டவர் முதலிலிருந்து கதை சொல்லிக்கொண்டிருப்பது நம் ஊர் வழக்கம். வீட்டில் ஒருவர் முகப்பிலேயே நின்று, "அவ தூங்குறா, நான் சொல்றேன்" என்று வந்தவர்களுக்குப் பதில் சொல்லி அனுப்புங்கள். அவராகப் பேச வந்தால் நடுவில் குறுக்கிடாமல், புத்தி சொல்லாமல் கேளுங்கள். 'மறந்துடு' என்பதும் வேண்டாம்.

பிள்ளை பயந்திருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?

பேச்சில் தெரியாது. நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வரும், ஆத்தாவை விட்டு நகராது, வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போகாது, விளையாட்டில் அதே விபத்தைத் திரும்பத் திரும்ப நடத்தும். அடிக்காதீர்கள், கேலி செய்யாதீர்கள். தூங்கும் நேரம், சாப்பிடும் நேரம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நடந்ததை அதன் வயதுக்கு ஏற்ற மாதிரி பொய் இல்லாமல் சொல்லுங்கள். பெரியவர் யாராவது தொடக்கூடாத விதத்தில் தொட்டார் என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிக்கிறார். பதற்றத்துக்கு என்ன பயிற்சி செய்வது?

உங்கள் பதற்றம் நோய் இல்லை. ஆபத்து இன்னும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, உடம்பு சரியாகத்தான் எச்சரிக்கிறது. அடி நின்றால்தான் எந்தப் பயிற்சியும் பிடிக்கும். 181 பெண்கள் உதவி எண், இரவும் எடுப்பார்கள். போய் இருக்க ஒரு வீடு, கையில் ஆதார், வங்கிப் புத்தகம், கொஞ்சம் பணம், இதை முதலில் யோசியுங்கள்.

ஒரு குவார்ட்டர் போட்டால்தான் தூக்கம் வருகிறது. இல்லையென்றால் மெடிக்கலில் தூக்க மாத்திரை.

குடி தூங்க வைக்கும், நடு இரவில் எழுப்பிவிடும், மறுநாள் பதற்றத்தைக் கூட்டும். அல்பிரசோலம், டயசிபாம் மாதிரி மாத்திரைகள் பழக்கமாகிவிடும், அதிர்ச்சியிலிருந்து மீள்வதற்கும் அவை உதவுவதில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். ஏற்கெனவே பல மாதமாகச் சாப்பிடுகிறீர்கள் என்றால் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது, வலிப்புகூட வரலாம், டாக்டர் சொல்படி குறையுங்கள்.

சரி, எங்கே போவது? என்ன சிகிச்சை?

ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால் போங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். 14416, டெலி மானஸ், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நேரில் என்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சொந்தக்காரர் கண்ணில் படுவோம் என்று தயங்கினால் மதுரைக்கோ திருச்சிக்கோ போங்கள், போகாமல் மட்டும் இருக்காதீர்கள்.

நல்ல சான்று உள்ள சிகிச்சை, அதிர்ச்சியை மையமாக வைத்த பேச்சு சிகிச்சைதான். பாதுகாப்பான இடத்தில், பயிற்சி பெற்றவர் துணையோடு, நீங்கள் ஒதுக்கி வைத்த ஞாபகத்தையும் இடத்தையும் சின்னச் சின்ன அளவில் அணுகுவது. பஸ்ஸில் ஏறப் பயம் என்றால் முதல் வாரம் பஸ் ஸ்டாண்டில் போய்ப் பயம் இறங்குகிற வரை உட்காருவது, அப்புறம் நின்றிருக்கிற பஸ்ஸில் ஏறி இறங்குவது, பிறகு கோட்டையூர் வரை ஒரு டிக்கெட். ஏறியதும் வரும் படபடப்பு தானாக இறங்குவதை உடம்பே பார்க்க வேண்டும், அதற்கு முன்பே குதித்து இறங்கிவிட்டால் அது ஆபத்துதான் என்று அமிக்டலா இன்னும் உறுதியாக நம்பும். கண்ணசைவோடு ஞாபகத்தைக் கையாளும் இஎம்டிஆர் என்ற முறைக்கும் சான்று உண்டு.

மாத்திரை கொடுத்தால் வாழ்க்கை முழுவதும் சாப்பிட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற செர்ட்ராலின் மாதிரி மாத்திரைகள் பழக்கத்துக்கு அடிமையாக்குவதில்லை, ஆனால் பலன் தெரியச் சில வாரம் ஆகும், முதல் வாரம் வயிற்றுப் புரட்டலும் கொஞ்சம் கூடுதல் பதற்றமும் வரலாம். அந்த வாரத்தில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நன்றாக ஆன பிறகும் சில மாதம் தொடரச் சொல்வார்கள், அதற்குப் பின் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். நடுவில் நீங்களாக நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும். மாத்திரை தீர்ந்துபோவதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த சீட்டுக்குப் போய்விடுங்கள்.